ஓடைக்கரை ஜான் எங்கே போனார்?

காகிதம் காக்கும் தொழிலில், காணாமல் போன காகிதத்துக்குக் கடைசியாகப் பார்த்தவன்தான் பொறுப்பு. சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? சவுதியில், அல் கோபாரில் பதினான்கு வருஷமாக நான் டாக்குமெண்ட் கண்ட்ரோலர். பைப்லைன் டிராயிங்குகளுக்கு நம்பர் போட்டு அடுக்குவதுதான் வேலை.

டேவிட்டின் கோரிக்கை

எங்கள் அமெரிக்க மேனேஜர் டேவிட் ஒருநாள் மத்தியான டீயோடு என் மேஜைக்கு வந்தார். அவருடைய மூதாதை ஜான், காட்டை வெட்டிக் குடியேறிய காலத்து ஆள். மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் விட்டுவிட்டு மேற்கே ஓடிப்போனார் என்பது குடும்பக் கதை. அந்த வெட்கத்தில் அவர்கள் வீட்டில் யாருக்கும் ஜான் என்று பெயர் வைப்பதில்லையாம். டேவிட்டின் அம்மாவுக்கு அடுத்த மாதம் தொண்ணூறு வயது. அதற்குள் உண்மை தெரிய வேண்டும் என்கிறார் அந்த அம்மாள்.

ஜான் இருந்த கவுண்டியின், அதாவது நம்மூர் தாலுகா மாதிரி, பழைய பத்திரங்களும் வரிப் பட்டியல்களும் நெட்டில் இருந்தன. கையெழுத்தோ கோழி கிளறியது போல. எனக்குத் தயக்கம். டேவிட் விடவில்லை: "நம்பரே இல்லாத டிராயிங்கைத் தேடி எடுப்பவன் நீ, செல்வம். பெயர் உள்ள மனுஷனையா விட்டுவிடுவாய்?"

மூன்று ஜான்கள்

வரிப் பட்டியலில் அதே பெயரில் மூன்று பேர். கணக்கப்பிள்ளை பக்கத்திலேயே 'பெரியவர்', 'கொல்லர்', 'ஓடைக்கரை' என்று குறித்திருந்தார். டேவிட் குழம்பினார், நான் குழம்பவில்லை. எங்கள் கேம்பில் கிரேன் முருகன், வெல்டர் முருகன், மெஸ் முருகன் என்று மூன்று பேர் உண்டே. குடும்பக் கதையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை வரும். ஆகவே ஓடைக்கரைக்காரர்தான் நம் ஆள். இதைக் கேட்ட ராமநாதபுரத்து ஃபோர்மேன் கருப்பையா சொன்னார்: "அமெரிக்காவுலயும் பேருக்குப் பஞ்சந்தானா சார்!"

ஆள் மாஃபி

வருஷா வருஷம் வரி கட்டிய ஓடைக்கரை ஜான், ஒரு வருஷத்துப் பட்டியலோடு மறைந்துவிட்டார். அடுத்த பத்து வருஷமும் புரட்டினேன். மாஃபி. அரபிக்காரர் பாஷையில் 'இல்லை'. அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். டேவிட் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அப்படியானால் கதை உண்மைதான். அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன்."

காதர் பாயின் கட்டில்

அன்று ராத்திரி ரூமுக்கு வந்தும் அந்தப் பட்டியல்தான் மனசில் ஓடியது. ஊரில் என் பெயரையும் ரேஷன் கார்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதை மட்டும் பார்த்தால் நானும் ஓடிப்போனவன்தான். பக்கத்துக் கட்டில்காரர், காயல்பட்டினத்து காதர் பாய், புதுப்பித்த இக்காமாவை, அதாவது இங்கே தங்குவதற்கான அட்டையைக் காட்டினார். அதில் கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பான கம்பெனியின் பெயர், மறுபடி மாறியிருந்தது. ரூம் மாறிவிடுவீர்களா பாய் என்று கேட்டேன். சிரித்தார்: "கஃபீல் மூணு பேரு மாறியாச்சு தம்பி, நான் இதே கட்டில்லதானே கெடக்கேன்!"

ஓடை அங்கேயேதான்

சட்டென்று எழுந்து பழைய வரைபடத்தைத் திறந்தேன். ஜான் மறைந்த அதே வருஷம் கவுண்டியை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஓடை புதுக் கவுண்டிக்குப் போய்விட்டது. புதுக் கவுண்டியின் வரிப் புத்தகத்தில் வருஷா வருஷம் வரிசையாக ஜான். ஏழு வருஷம் கழித்து அவர் நிலம் விற்ற பத்திரத்தில், எழுதத் தெரியாத மனைவி மேரி கையெழுத்தாகப் போட்ட பெருக்கல் குறியும் இருந்தது. அந்தக் காலச் சட்டப்படி, கூட வந்த புருஷனை வெளியே நிறுத்திவிட்டு மேரியைத் தனியாக விசாரித்து, விற்கச் சம்மதம் என்றாள் என்று அதிகாரி எழுதியிருந்தார். அந்த அதிகாரியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

டேவிட்டிடம் ஓடினேன். நல்லவேளை, அவர் அம்மாவிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அப்போதே வீடியோவில் அழைத்தார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு நாற்பத்தெட்டு வயதான என்னைப் பார்த்துச் சொன்னார்: "எங்கேயும் போகாத மனுஷனையா இத்தனை காலம் திட்டினோம்? தம்பி, உன்னால் இனி எங்கள் வீட்டில் ஒரு ஜான் பிறக்கலாம்."

அன்றிலிருந்து காதர் பாய்க்குத் தினமும் ஒரு டீ என் செலவு, எந்தக் காகிதத்தையும் 'இல்லை' என்று எழுதுமுன் அலமாரி நகர்ந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.