ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

இன்பமேரி அக்காவுக்குத் தெரியாததை எழுத வராது. சேலத்துக்கு மேலே மலையில், நாகலூர் பக்கம் எஸ்டேட் ஆட்களுக்காகக் கிறிஸ்தவச் சபை ஒன்று நடத்தும் சின்ன மருந்தகத்தில் பத்தொன்பது வருடமாகப் பதிவு எழுதுகிறார். முதலில் நோட்டில் எழுதினார், பிறகு நான் செய்து கொடுத்த இணையப் பக்கத்தில் தட்டினார். இங்கே காபி பறிக்கிற பெரியவர்களில் பாதிப் பேருக்குப் பிறந்த நாள் தெரியாது. வேறு எங்கே போனாலும் ஜூன் ஒன்று என்று போட்டு அனுப்பிவிடுவார்கள். அக்கா மட்டும் வருடத்தை உத்தேசமாகக் கேட்டுப் போட்டு, நாளுக்கும் மாதத்துக்கும் பூஜ்யம் வைப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். பொய்யாக ஒரு தேதி போட்டால் நாளைக்கு அதுவே நிஜமாகிவிடும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. படித்த திமிர், வேறென்ன.

அந்த இணையப் பக்கத்துக்கு அஸ்திவாரமாக இருந்த ஃபிரேம்வொர்க் மென்பொருளின் பழைய பதிப்புக்கு இனிப் பாதுகாப்பு கிடையாது என்று அறிவித்தார்கள். சரி, புதியதற்கு மாற்றிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். பழையது எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். புதியது கறார். பூஜ்யம் நாள், பூஜ்யம் மாதம் என்று ஒரு தேதியே இல்லை என்று சொல்லி, அந்த ஆளின் பதிவையே முழுசாகத் திருப்பி அனுப்பியது. ஒரு பதிவு நின்றால் மொத்த வேலையும் நின்றது. எனக்கு எரிச்சல். மறுநாள் மைத்துனன் கல்யாணத்துக்குப் போக வேண்டும். செல்லாத பதிவை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ என்று ஒரு வரி சேர்த்தேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. நாற்பத்தொரு பதிவுகள் விடுபட்டன என்று திரையில் வந்தது. திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்தேன். வந்தும் பார்க்கவில்லை.

அந்த நாற்பத்தொரு பேரில் அருக்காணியும் ஒருவர். வாழவந்தி ஊர்க்காரர். கண்ணில் அழுத்தம் ஏறும் நோய். பாதிப் பார்வை போயிருந்தது, மீதியைச் சொட்டு மருந்துதான் காப்பாற்றிக்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்தகத்து வேன் சேலத்துக்கு அழைத்துப் போகும். டாக்டர் பார்த்து, அடுத்த மூன்று மாதத்துக்கு மருந்து கொடுப்பார். வேனில் யார் போவது என்ற பட்டியலை என் புரோகிராம்தான் தயாரிக்கும்.

கல்யாண மண்டபத்தில் இருந்தபோது அக்கா போன் செய்தார்.

"ஏனுங்க ஜாபெஸ் தம்பி, அருக்காணி பேரு லிஸ்ட்டுல காணோமுங்க. தேடுனாலும் வரமாட்டேங்குது."

"டாக்டரு எடுத்துட்டிருப்பாருங்க அக்கா. கம்ப்யூட்டரு தப்புப் பண்ணாதுங்க" என்றேன். கையில் பாயசம் இருந்தது. இப்போதும் அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அக்கா என்னை நம்பினார். அதற்குப் பிறகு மருந்தகத்துக்கு வந்து, பெயர் வராமல் போன மற்றவர்களுக்குக் காகிதச் சீட்டு எழுதிக் கொடுத்தே சமாளித்திருக்கிறார், என்னை மறுபடி தொந்தரவு செய்யவில்லை.

தோட்டத்தில் காலையில், ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் பெயர் வாசிப்பார். வாசித்தால் வேலை. வாசிக்காவிட்டால் இன்றைக்கு ஆள் வேண்டியதில்லை, திரும்பிப் போகலாம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நாற்பது வருடம் அப்படிப் பழகியவர் அருக்காணி. அந்த முறை வேன் டிரைவர் மாரிசாமி பட்டியலை வாசித்து முடித்தார், அருக்காணியின் பெயர் வரவில்லை. கண் குணமாகிவிட்டது, இனிமேல் வர வேண்டாம் என்கிறார்கள் என்று எண்ணி, அவர் சந்தோஷமாக வீட்டுக்கு நடந்துவிட்டார். அடுத்த முறை வேன் வந்தபோது அவர் வரவே இல்லை. மருந்து எப்போதோ தீர்ந்திருந்தது.

பெயர் விடுபட்ட ஏழாம் மாதம் மகள் சசிகலா அவர் கையைப் பிடித்து மருந்தகத்துக்கு அழைத்து வந்தார். மீதியும் போய்விட்டது, போன பார்வை போனதுதான் என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். விஷயம் தெரிந்து நான் பைக்கில் ஓடினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அருக்காணியிடம் என் தவறுதான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"உங்க மேல என்னங்க சாமி தப்பு? எம் பேர வாசிக்கலீங்க, நான் போயிட்டனுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

விடுபட்ட பதிவுகளைப் பழைய நகலிலிருந்து எடுத்துச் சேர்த்தேன். தேதி தெரியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடலாம், புரோகிராம் ஏற்றுக்கொள்ளும்படி மாற்றிவிட்டேன் என்று அக்காவிடம் காட்டினேன். இதை முதல் நாளே செய்திருக்கலாம். அரை மணி நேர வேலை.

அக்கா அருக்காணியின் பக்கத்தைத் திறந்து 01-06-1957 என்று தட்டினார். வேண்டாம் அக்கா, காலியாகவே விடலாம் என்றேன்.

"இல்லீங்க தம்பி. நெசத்த எழுதித்தான் அந்தப் பொம்பளைக்குக் கண்ணு போச்சு."

தவறு உங்களுடையதில்லை, என்னுடையது என்று இரண்டு தடவை சொன்னேன். தலையாட்டினார். ஆனால் தட்டுவதை நிறுத்தவில்லை. அன்று மாலைக்குள் நாற்பத்தொரு பேரையும் ஜூன் ஒன்றாம் தேதி பிறக்க வைத்துவிட்டுத்தான் எழுந்தார்.