ஞாயிற்றுக்கிழமைப் போர்வை

ஸ்காட்லாந்துக் கடலோரத்துப் பழைய கோல்ஃப் ஓட்டலில் முப்பது வருஷமாகத் துணி துவைப்பவள் இஷ்பெல். ஞாயிறன்று ஆட்டம் கிடையாது. ஓட்டல் முன்னாலுள்ள கோல்ஃப் மைதானத்தில் அன்று துணி உலர்த்த ஊராருக்குப் பழைய உரிமை உண்டு. தன் வீட்டுப் போர்வைகளை அவள் அங்கே முட்புதர்கள்மேல் விரித்துப் போடுவாள்.

ஒரு ஞாயிறு, புது மேலாளர் லாக்லன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“ஜன்னல்லேர்ந்து பார்த்தா அசிங்கமா இருக்கும்மா. எடுத்துடுங்க.”

“ஆறு நாளும் உங்க விருந்தாளிங்க அழுக்கை நான் பார்க்கிறேன், தம்பி. ஒரு நாள் என் வெள்ளையை அவங்க பார்க்கட்டும்.”

வெயிலும் கடல்காற்றும் மணக்கும் காய்ந்த போர்வை ஒன்றை அவன் கையில் திணித்தாள். “இன்னிக்கு இதைப் போர்த்திட்டுத் தூங்குங்க. அப்புறம் பேசலாம்.”

அடுத்த ஞாயிறு அவளுக்கு முன்பே லாக்லன் புதரருகே நின்றிருந்தான், கையில் இரண்டு ஈரச் சட்டைகளோடு.

“முள்ளுல கிழியாம எப்படிப் போடுறது?”