ஆரியசாலையில் பெரியம்மையின் அரிசிக்கடை

சாலைக் கடைத்தெருவில் நேற்று யாரோ ஈரச் சாக்கை உதறினார்கள். அந்த வாசம் என்னைப் பெரியம்மையின் அரிசிக்கடைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஆரியசாலையில் அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் மூட்டைகளின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு, அரிசி கொட்டும் சரசரப்பையும், பெரியம்மை பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேரம் பேசும் சத்தத்தையும் கேட்டபடியே தூங்கிப்போவேன். உலகப்போரில் ரங்கூனில் குண்டு விழுந்தபோது அவளும் பெரியப்பாவும் காட்டு வழியாக ஊருக்கு நடக்கத் தொடங்கினார்களாம். வழியில் காய்ச்சலில் கிடந்த ஒருவருக்குத் தண்ணீர் எடுக்கப் போன பெரியப்பா திரும்பி வரவில்லை. தனியாக வந்து சேர்ந்த பெரியம்மை, அவர் பெயரிலேயே கடையைத் திறந்தாள்.

ஆடி அமாவாசை வந்தால், பெரியப்பாவின் தம்பியான என் சித்தப்பா கடை வாசலில் வந்து நிற்பார்.

"மைனி, இந்த வருஷமாவது அண்ணனுக்குத் திதி கொடுக்கணும். ஊரு பேசுது."

"அவரு செத்தத நீ கண்டியா தம்பி?"

"இல்ல."

"நானும் காணல. காணாதத நான் எப்படிச் சம்மதிப்பேன்?"

நெற்றியில் குங்குமத்தோடு, அடுத்த ஆளுக்கு அரிசி அளக்கத் திரும்பிவிடுவாள். சித்தப்பா கோபித்துக்கொண்டு போவார். மறு வருஷமும் வருவார்.

பெரியம்மை இறந்தபோது, காரியம் செய்ய வந்தவர், "இவர் கணவருக்கும் சேர்த்தே பிண்டம் வைத்துவிடலாமே" என்றார். எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தோம்.

"வேண்டாம்" என்றார் அவர். "மைனி சம்மதிக்கமாட்டாவ."