சாந்துப்பொட்டுக்கு இந்தப் பக்கம்

பருத்திக்கொட்டையும் கடலைப் புண்ணாக்கும் கலந்து மணக்கும் எங்கள் திருச்சுழிக் கடைக்குள், எண்பதுகளின் இறுதியில் வந்த ஒரு கோடை விடுமுறை முழுவதும், உருகிய ஈயமும் குங்கிலியம்போல் புகையும் பசையும் சேர்ந்த வேறொரு வாசனை குடியிருந்தது. பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த என் அக்கா புஷ்பம், பின்னறையில் அமர்ந்து, அப்பாவுக்காக ஓர் ஒலிபெருக்கி செய்துகொண்டிருந்தாள்.

கழுத்துக் கட்டியை அகற்றிய பிறகு, மருத்துவர்கள் முன்பே எச்சரித்தபடி, அப்பாவின் குரல் வெறுங்காற்றாகிவிட்டிருந்தது. அவர் கிசுகிசுப்பதைக் கேட்டவர்கள், ஏதோ ஒரு விசித்திரமான மரியாதையால், தாங்களும் கிசுகிசுத்தார்கள். நரிக்குடிப் பக்கமிருந்து வண்டி கட்டி வரும் மாரிமுத்து மட்டும், "வெலய எதுக்கு அண்ணாச்சி ரகசியமாச் சொல்றீக, நாம என்ன களவாணிகளா?" என்று கேட்டார். கடையே சிரித்தது, அப்பாவும் சிரித்தார். மறுநாள் முதல் கல்லாவை அம்மாவிடம் விட்டுவிட்டு, மூட்டைகளுக்குப் பின்னால், தெருவுக்கு முதுகு காட்டி உட்காரத் தொடங்கினார். அவரை மீண்டும் தெருவைப் பார்த்து உட்கார வைப்பதுதான் அக்காவின் பெட்டி செய்ய வேண்டிய வேலை.

அந்தப் பெட்டிக்குள், ஒலியைப் பெருக்கும் சில்லான "ஐ.சி."யில் எதை வைப்பது என்பதில்தான் எங்கள் இருவருக்கும் வழக்கு. அருப்புக்கோட்டை ரேடியோ கடையில் கிடைத்தவை இரண்டு. ஒன்று, அரை வாட்டுக்குள் அடங்கிப் பேசும் 386. எட்டுக் கால்களோடு இருந்ததால் அக்கா வைத்த பெயர் "எட்டுக்கால் பூச்சி". மற்றது, சூடு தணிக்க இருபுறமும் தகட்டுச் சிறகுகள் விரித்து, ஏழு வாட் வரை முழங்கும் 810. பேச்சுப் போட்டிக் கோப்பைகளை அலமாரியில் அடுக்கி வைத்திருந்த எனக்கு, அரை வாட் என்ற சொல்லே அவமதிப்பாகப் பட்டது. சிங்கம் முழங்க வேண்டிய இடத்தில் பூச்சி ரீங்கரிப்பதா, என் தந்தையின் குரலுக்கு அரை வாட்தான் மதிப்பா என்று, சோற்றுத் தட்டின் முன் எழுந்து நின்று அடுக்கினேன். அம்மா கண்கலங்கினாள். அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ஏட்டி, அப்பா எதுக்க நிக்கிற ஆளுகிட்டப் பேசணும். நீ மீட்டிங்குக்குல்ல செட்டு கட்டுற."

அவள் வாதம் உண்மையாக இருந்தது. என் வாதம் அழகாக இருந்தது. தீர்ப்பு எனக்கே கிடைத்தது.

810 பூட்டிய பெட்டியைக் கல்லாவின் மேல் வைத்த அன்று, ஒலி கூட்டும் குமிழை முழுதாகத் திருப்பியவளும் நான்தான். அப்பா மைக்கைப் பிடித்து, மாரிமுத்துவை நோக்கி வாய் திறந்தார். பெட்டியிலிருந்து புறப்பட்ட அவர் குரல் மைக்குக்குள்ளேயே திரும்பப் புகுந்து, மறுபடி புறப்பட்டு, "கூ"வென்று ஓர் ஊளையாக வளர்ந்தது. வாசலில் நின்ற காளைகள் மிரண்டு வண்டியோடு நான்கு கடை தாண்டி ஓடின; ஏற்றியிருந்த மூட்டை சரிந்து பருத்திக்கொட்டை தெருவெங்கும் சிதறியது. அப்பா மைக்கை மெல்லக் கீழே வைத்துவிட்டு, மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். என்னை யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எந்த மேடையிலும் நான் சொல்லியிராத ஒரு வாக்கியத்தை அன்று மாலை பின்னறையில் சொன்னேன்: "நாஞ் சொன்னது தப்புக்கா." அக்கா எட்டுக்கால் பூச்சியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு புளியங்கொட்டையின் கனம்கூட அதற்கு இல்லை.

இம்முறை பெட்டி ஒரு சோப்பு டப்பா. ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றே போதுமானதாக இருந்தது. டப்பா இடுப்பில், சட்டைப் பித்தான் அளவு மைக் காலரில். ஊளை தொடங்கும் இடத்தைத் திருகித் திருகிக் கண்டுபிடித்த அக்கா, அதற்குச் சற்று முன்பாகக் குமிழின் ஓரத்தில் ஒரு சிவப்புச் சாந்துப்பொட்டு வைத்தாள். "இதுக்கு இந்தப் பக்கமே வச்சுக்கிருங்கப்பா."

அடுத்த வாரம் வந்த மாரிமுத்து, பழக்கத்தில் குனிந்து அப்பாவின் காதோரம் கிசுகிசுத்தார். டப்பா கரகரத்தது, ஆனால் பேசியது அப்பாதான்: "ஏலே மாரிமுத்து, சத்தமாச் சொல்லு. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

கடை மறுபடியும் சிரித்தது. அப்பா எழுந்து போகவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, மதுரைக் கல்லூரிக்குப் புறப்பட்ட காலையில், கடைக்கு எதிரே நின்ற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அரை வாட் தெருவைத் தாண்டாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே கையை மட்டும் அசைத்தேன். பஸ் உறுமியது. கல்லாவில் உட்கார்ந்திருந்த அப்பாவின் கை இடுப்புக்குப் போவதைப் பார்த்தேன். பொட்டைத் தாண்டி, கடைசி வரைக்கும் திருகியிருக்க வேண்டும். ஊளையோடு ஊளையாக, என் பெயர் தெருவைக் கடந்து வந்து சேர்ந்தது.

இன்று அப்பா இல்லை. புண்ணாக்கு மணத்த இடத்தில் கைப்பேசிக் கடை நடக்கிறது. சாந்துப்பொட்டும் உதிர்ந்து, குமிழில் வெளிறிய ஒரு தடம் மட்டும் எஞ்சியிருக்கிறது. போன வாரம் அந்த டப்பாவுக்குப் புதிய பேட்டரி மாட்டினேன். மெல்லிய இரைச்சல் எழுந்தது. அப்பா பேசத் தொடங்குமுன் எப்போதும் எழுமே, அதே இரைச்சல். எத்தனையோ மேடைகளை ஆண்டதாகப் பெருமை கொள்ளும் நான், மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல், அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.