சூடாகக் கொண்டுவர முடியாத முட்டைக் கிண்ணம்

சிகிச்சை தொடங்கியதிலிருந்து என் மனைவி ஜமீலாவுக்கு எதைச் சாப்பிட்டாலும் மண்ணாகத்தான் இருக்கிறது. இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடுவாள். போன சனிக்கிழமை நான் சான் ஹோசே போனது அதற்காகத்தான். அங்கே ஜப்பானியக் கடைத்தெருவில் மிச்சிகோ என்கிற அம்மா, நோயாளிகளுக்கான சமையலைச் சொல்லித்தருகிறார். கட்டணம் நாற்பது டாலர்.

சன்னிவேலிலிருந்து ரயிலில் இருபது நிமிடம். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்கப் போன வருடம்தான் கற்றேன். இறங்கவேண்டிய நிலையத்தின் பெயரை நானே படித்து, தூங்கிக்கொண்டிருந்த மகள் நஸ்ரினை எழுப்பினேன். எனக்கு அத்தனை பெருமை! அங்கிருந்து டாக்சிக்குப் பதினான்கு டாலர்.

"சமையல்ல ஒயின் ஏதும் ஊத்துவாங்களான்னு கேளும்மா" என்றேன் நஸ்ரினிடம். மிச்சிகோ அம்மா சிரித்து, காய்ந்த கடற்பாசிப் பட்டை ஒன்றைக் காட்டினார். நோன்புக்கு நாம் காய்ச்சுகிற கடற்பாசிக்கு இது அக்கா முறை. அதையும் காளானையும் ஊறவைத்த நீரில் முட்டையைக் கலக்கி, வடிகட்டி, கிண்ணத்தில் ஊற்றி, சிறு தீயில் ஆவியில் வேகவைத்தோம். நடுவில் குச்சியால் குத்தினால் தெளிந்த நீர் வரவேண்டும்.

பட்டுப்போல வந்தது. உடனே என் கிண்ணத்தைத் துண்டில் சுற்றினேன். மிச்சிகோ அம்மா பதறிப்போய்த் தடுத்தார்.

"வாப்பா, சூடா சுத்தி எடுத்துட்டுப் போனா வழியிலேயே கிருமி வளருமாம். உம்மாக்கு இப்ப இம்யூனிட்டி லோ. ரிஸ்க் எடுக்காதீங்க. வீட்ல ஃப்ரெஷ்ஷா பண்ணிக் குடுங்க" என்றாள் நஸ்ரின்.

எனக்கு முகம் வாடிவிட்டது. அந்தக் கிண்ணத்தை நானே சாப்பிட்டேன். ஒரு பொட்டலம் கடற்பாசி வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

வீட்டில் முதல் கிண்ணம் தீ கூடி, ஆப்பம்போல ஓட்டை ஓட்டையாகப் போனது. அடுத்ததற்கு மூடியடியில் ஒரு குச்சியைச் செருகி ஆவியை வெளியே விட்டேன். வெந்ததும் ஜமீலாவிடம் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தாள். நாங்கள் இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏங்க, உப்பு கம்மியா இருக்கே. இதைப் படிக்கவா டாக்சில போனீங்க?"

நஸ்ரின் அழுதுவிட்டாள். எத்தனை நாளாகிறது, இந்த வீட்டில் உப்பு கம்மி என்று ஒரு குரல் கேட்டு! உப்புப் போட்டுக் கொடுத்தேன், கிண்ணம் காலி.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: காலையிலேயே போங்கள், கூட்டமிருக்காது. சமைத்ததைச் சூடாகச் சுமந்து வராதீர்கள், கடற்பாசி மட்டும் போதும். செய்ததும் கொடுங்கள், மீந்தால் உடனே ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். உப்பை முதலில் குறைத்தே போடுங்கள். அவர்கள் கேட்கட்டும்.