ஜெபத்தில் மட்டும் வந்த பெயர்

2023ஆம் ஆண்டு ஆனி மாதம், உப்பளங்களில் காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஜெபகனி அந்தப் பிள்ளையை முதன்முதலாக நேரில் பார்த்தாள். சித்தப்பா மகன் கிருபாகரனின் ஒரே மகள் ஜெமி. குவைத்தில் வளர்ந்தவள். விடுமுறைக்கு வந்தாலும் அவர்கள் சொந்த ஊரான நாசரேத்தோடு திரும்பிவிடுவார்கள். இப்போது பதினொன்றாம் வகுப்பும் மருத்துவ நுழைவுத்தேர்வுப் பயிற்சியும் தூத்துக்குடியில் என்று முடிவாகியிருந்தது. கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்த ஜெபகனி, திருமணம் ஆகாதவள். வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது.

துறைமுகச் சாலை லாரிகளின் புழுதிக்குப் பயந்து அந்த அறையின் சன்னலைத் திறப்பதில்லை. பிள்ளை வந்த அன்றே அதைத் தள்ளிப் பார்த்தாள், பிறகு கேட்கவில்லை.

மாலை ஏழரைக்குக் குடும்ப ஜெபம். சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்த கைப்பேசியில் கிருபாகரனும், செவிலியர் சீருடையில் அவன் மனைவி ஜாயும் தோன்றுவார்கள். ஜாய் முக்காடிட்டுக் கண்களை மூடிக்கொள்வாள். கிருபாகரன் தொடங்குவான்: “பரலோகப் பிதாவே, இந்த மகள் இயற்பியலில் அறுபத்திரண்டு மதிப்பெண்தான் எடுத்தாள் என்பதை நீர் அறிவீர். அவளுடைய சோம்பலை அகற்றிப்போடும்.” ஆமென் சொன்னதும் அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிடும். மகளிடம் நேராக அவன் பேசி ஜெபகனி கேட்டதேயில்லை.

“அப்பாவுக்கு என் மேல கம்ப்ளைன்ட் இருந்தா, நேரா மேலிடத்துக்கே அனுப்பிருதாங்க அத்தை,” என்றாள் ஜெமி ஒருநாள். ஜெபகனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியெல்லாம் பேசக்கூடாது என்று பிறகு கண்டித்தும் வைத்தாள்.

அடுத்த ஆண்டு தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், எண்ணெய் தேய்த்துவிடும்போது வலக்காதுக்குப் பின்னால் ஜெபகனியின் கட்டைவிரல் வெறுந்தோலில் பட்டது. முடியே இல்லை.

“இது என்னளா?”

பூச்சிவெட்டு இல்லை, தானேதான் பிடுங்குவதாக ஜெமி சொன்னாள். பிடுங்கும்போது மட்டும் கொஞ்சம் மூச்சுவிட முடிகிறதாம். அம்மாவிடம் சொல்ல வேண்டும், அம்மாவிடம் மட்டும் என்று கெஞ்சினாள்.

ஜெபகனி அன்றே அழைத்தாள். ஜாய் பணியில் இருந்தாள், எடுத்தவன் கிருபாகரன். எப்படியும் தகப்பன்தானே என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தான் பார்த்துக்கொள்வதாக அவன் உறுதியளித்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாசரேத், சாத்தான்குளம், மஸ்கட் என உறவினர் ஒன்பது வீட்டார் கைப்பேசித் திரையில் ஒன்றுசேரும் ஜெபம். அத்தனை பேருக்கும் முன்னால் கிருபாகரன், தன் மகள் தன் தலைமுடியைத் தானே பிடுங்கும் செய்தியை, குரல் உடைய, ஆண்டவரிடம் முறையிட்டான். சாத்தான்குளத்துச் சித்தி விம்மினாள். எல்லாரும் ஆமென் என்றார்கள். பழக்கத்தில் ஜெபகனியின் வாயும் சொல்லிவிட்டது. கண்ணைத் திறந்தபோது ஜெமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் ஜெமி தானே எண்ணெய் தேய்த்துக்கொண்டாள். பின்னலைத் தாழ்த்திக் கட்டினாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

2025 ஜூனில், நுழைவுத்தேர்வில் மதிப்பெண் குறைந்த பிறகு, இன்னொன்றும் ஜெபத்தின் வழியாகவே வந்தது: வெளியூர்ப் பயிற்சி விடுதியில் ஓராண்டு, கைப்பேசிக்கு அனுமதி இல்லை. தேவசித்தம் என்று கிருபாகரன் முடித்தான். ஜெபகனி மறுநாள் அவனைத் தனியாக அழைத்தாள்.

“ஏலே கிருபா, பிள்ளைகிட்ட ஒரு தடவ பேசிப் பாரேன்.”

“தெனமும் அவளுக்காகத்தானக்கா முழங்கால் போடுதேன்,” என்றான் அவன். அவன் அழுதது அவளுக்குக் கேட்டது.

கிளம்புவதற்கு முந்திய மாலை, பெட்டி பூட்டித் தயாராக இருந்தது. ஜெபகனி கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்தாள். ஏழரைக்கு அது ஒலித்தது. எடுக்கப்போன அவளுடைய கையை, ஓராண்டுக்கும் மேலாக அவளைத் தொடாத ஜெமி பிடித்துக்கொண்டாள்.

“அத்தை, இன்னைக்கு அப்பா முடிக்கும்போது நீங்க ஆமென் சொல்லாம இருப்பீங்களா? நீங்க மட்டுமாவது.”