மூன்று துப்புகளும் ஒரு பச்சை வள்ளமும்

ஒரே துப்பு பலரிடமிருந்து வந்தால், அவர்கள் தனித்தனியாக அறிந்தவர்கள்தானா என்று உறுதி செய்யாமல் நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கக் கூடாது. எங்கள் அலுவலகக் கையேட்டில் இந்த விதி தெளிவாகவே இருந்தது. கையேடு அலமாரியில் இருந்தது. அலமாரியைத் திறக்க வேண்டும் என்றுதான் விதி எதுவும் இல்லை.

தூத்துக்குடியில் நான் பார்த்தது புலனாய்வுப் பகுப்பாய்வு வேலை. யாரையும் துரத்த வேண்டியதில்லை. கடத்தல் பற்றி வரும் துப்புகளைப் படித்து, எதை எவ்வளவு நம்பலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பொறுமையும் சந்தேகப் புத்தியும் உள்ளவனுக்கு இதைவிடச் சுகமான வேலை கிடையாது.

நான் விடுப்பில் இருந்த வாரம், சங்கு குளிக்கும் வள்ளம் ஒன்றைப் பிடித்துத் துறைமுகத்தில் கட்டிப் போட்டிருந்தார்கள். மாதா கோவில் கொடியேற்றத்துக்கு மறுநாள் அதில் பீடி இலை ஏற்றி இலங்கைப் பக்கம் அனுப்பியதாக மூன்று பேர் துப்புக் கொடுத்திருந்தார்கள். நான் திரும்பி வந்தபோது வள்ளக்காரர் அலுவலக வாசலில் நின்றார்.

"சங்கு சீசன் போகுது சார். என் வள்ளத்த நம்பி இருக்கவன் எல்லாம் கரையில உக்காந்து சீட்டு விளையாடுதான். இன்னும் ஒரு மாசம் போனா நீச்சலே மறந்துருவான்."

கோப்பை வாங்கிப் படித்தேன். எங்கள் கோப்புகளில் காகிதங்கள் வருடக்கணக்கில் ஒன்றாகக் குடும்பம் நடத்தும். ஒன்று மற்றொன்றின் முகத்தைப் பார்க்காது. மூன்று துப்பிலும் அதே பதிவு எண், ஆனால் பச்சை வள்ளம். பிடித்த அன்று நம்மவர்களே எழுதிய பறிமுதல் மகஜரில் நீல வள்ளம்.

வாசலுக்குப் போய்க் கேட்டேன்.

"கொடியேத்தத்துக்கு முந்தி எங்க கரையில எல்லாரும் பெயின்ட் அடிப்போம் சார். பழைய பச்சையப் பாத்து, பாசி புடிச்ச வள்ளம்னு எம் பொண்டாட்டி கேலி பண்ணுவா. அதான் நீலம்."

கடத்தலுக்குப் பிறகு நிறத்தை மாற்றியிருக்கலாமே என்பதையும் கேட்க வேண்டியது என் வேலை. கேட்டேன். கொடியேற்றத்தன்று பங்குச் சாமியார் புனித நீர் தெளித்து வள்ளங்களை மந்திரித்தபோது எடுத்த படங்களை வள்ளக்காரர் கோவிலிலிருந்து வாங்கி வந்தார். பதிவு எண் தெரிய, பளபளவென்று நீலம்.

ஏரல்காரரான என் அதிகாரி அசையவில்லை. "மூணு பேர் சொல்லுதான் அண்ணாச்சி. மூணு பேருக்குமா கண்ணு அவிஞ்சு போச்சு?"

"மூணு பேரும் ஒரே தப்பச் சொல்லுதான் சார். பாத்தவன் எவனும் இல்ல. சொன்னவன் ஒருத்தன்."

விசாரித்ததில் அந்த ஒருவர் கிடைத்தார். வள்ளக்காரரோடு சண்டை போட்டுவிட்டு, பெயின்ட் அடிப்பதற்கு முன்பிருந்தே கரைப்பக்கம் வராதவர். மூவரும் ஐஸ் கம்பெனி அருகே உள்ள டீக்கடையில் அவர் வாயிலிருந்து கேட்டதையே தாம் பார்த்ததாகச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு பக்கத்தில் அறிக்கை எழுதினேன். அதிகாரி படித்தார், மறுபடி படித்தார், பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றே தலைமை அலுவலகத்துக்குப் போனது. அதன் பிறகு மூன்று நினைவூட்டல்கள் அனுப்பினேன். ஒவ்வொன்றிலும் விதி எண்ணைச் சற்றுப் பெரிய எழுத்தில் போட்டேன்.

வள்ளத்தை உடனே விடுவிக்கும்படி பதில் வந்தது. சீசனில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அன்று தை மாதம் இரண்டாம் வியாழக்கிழமை; கரையில் சீட்டு விளையாடியவர்கள் நீச்சலை மறக்க இன்னும் நாள் இருந்தது.